கடல் உள்வாங்கும் நாள்

செஞ்சி
3 ஜூலை 2023

மதிப்பிற்குரிய வளவன் அவர்களுக்கு,

வணக்கம். உறையின் மேலிருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன் இந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிடுங்கள்.

நாம் இருவரும் வேலை பார்த்த பள்ளியை விட்டு நான் வந்து ஏழு வருடம் ஆகிறது. இப்போது இங்கேயே ஒரு கல்வி அறக்கட்டளையில் பாடத்திட்டப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் துணைப்பாட நூல் ஒன்று தயாராகிறது. பெயர் 'தீவில் வாழ்தல்'. தண்ணீர், குப்பை, மீன், பவளப்பாறை எல்லாம் வரும். இருப்பதை வைத்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்களுக்கும் மிச்சம் வைத்து வாழ்வது எப்படி என்பதைத் தீவை வைத்துச் சொல்லித்தருகிற புத்தகம். கடலோரப் பள்ளிகள் நாற்பத்தொன்றுக்கும், அந்தமானில் தமிழ்வழிப் பள்ளிகள் சிலவற்றுக்கும் போகப்போகிறது.

குழுவில் நான்கு பேர். ஒருவர்கூடத் தீவைப் பார்த்ததில்லை. நான் கடலைப் பார்த்ததே மூன்று தடவைதான். இதுவரை எழுதியதைப் படித்தால் கோட்டை மலை மேல் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிக் கதை அளந்த மாதிரி இருக்கிறது. நீங்கள் பத்து வருடமாக அங்கே இருக்கிறீர்கள், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறீர்கள். அதனால் கேட்கிறேன்.

உங்கள் அம்மாவை ரேஷன் கடையில் பார்த்தேன். போன் நம்பர் கேட்டேன். "நம்பர்லாம் தரமாட்டேன். லெட்டர் வேணும்னா போட்டுக்க" என்று முகவரியை மட்டும் சொன்னார்கள்.

பழைய விஷயம் எதையும் பேசுவதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அது உங்களுக்கும் நல்லது.

இப்படிக்கு,
பா. சுமலதா


அந்தமான்
29 ஜூலை 2023

சுமலதா டீச்சருக்கு,

பழைய விஷயம் பேசாமல் இருப்பது எனக்கு நல்லது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். எனக்கு எது நல்லது என்று நீங்கள் முடிவு செய்வது இது இரண்டாவது தடவை.

பேசிவிட்டே பாடத்துக்குப் போகலாம். பதினோரு வருடத்துக்கு முன் நம் கல்யாணத்துக்காகத் திண்டிவனம் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போக நாள் பார்த்தது நீங்கள். உங்கள் அண்ணன் இளவரசன் ஆள் கூட்டிவந்து பஸ் ஸ்டாண்டில் என்னை மிதித்தபோது ஜவுளிக்கடை வாசலில் நின்று பார்த்ததும் நீங்கள். மூன்றாம் நாள் ஸ்டேஷனில், 'வளவன் என்பவர் என்னைப் பின்தொடர்ந்து மிரட்டினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நீங்கள். அழகான கையெழுத்து. இந்த உறையில் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. நான் உள்ளே இருந்த இருபத்தொன்பது நாளில் என் நைனாவுக்கு எங்கள் ஊர் சிங்கவரத்தில் ஒரு நிலத்திலும் வேலை தரவில்லை. அவர் செத்த அன்று எனக்கு ஜாமீன் கிடைக்கவில்லை.

சரி, பாடம்.

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் எட்டு மணி நேரம். ஒருநாள் விட்டு ஒருநாள் கப்பல் என்பார்கள். மழைக்காலத்தில் பத்து நாள் வராது. அப்போது வெங்காயம் கிடையாது, மாத்திரை கிடையாது. கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடிக்கிறோம். கடைசி டிரம்மைத் தொட்டால் வீட்டில் சண்டை வரும். கிணறு இருக்கிறது, உப்பு. நெல் விளைந்த இடத்தில் இப்போது மீன் திரிகிறது. பவளக்கல்லை வெட்டி வீடு கட்டினார்கள், இப்போது அந்த வீட்டு வாசலுக்கே அலை வருகிறது. இங்கே 'தூக்கிப் போடுவது' என்றால் எங்கே போடுவது? பிஸ்கட் கவர் ஒன்று வந்தால் அது இங்கேயேதான் கிடக்கும், எனக்குப் பிறகும் கிடக்கும்.

இதெல்லாம் உண்மை. எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காகத் தரவில்லை, பிள்ளைகள் படிக்கும் என்று தருகிறேன். இனியும் ஏதாவது வேண்டுமானால் கடிதம் மட்டும் எழுதுங்கள். உங்கள் குரல் எனக்கு வேண்டாம்.

வளவன்


செஞ்சி
21 ஆகஸ்ட் 2023

வளவன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் பாதியைப் படித்தேன். அன்று வீட்டில் எனக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. சொல்லப்போவதும் இல்லை.

இரண்டாம் பாதி பொக்கிஷம். 'கடைசி டிரம்' என்றே முதல் பாடத்துக்குப் பெயர் வைத்துவிட்டேன். குப்பைப் பாடமும் அப்படியே வருகிறது. நெல் வயல் கடலானதை மட்டும் குழு எடுத்துவிட்டது. பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம்.

புத்தகம் மொத்தமும் இல்லாமையாகவே இருக்கிறது என்று ஒரு குறை சொல்கிறார்கள். தண்ணீர் இல்லை, கப்பல் இல்லை, வெங்காயம் இல்லை. தீவுக்காரர்கள் சிரிக்கவே மாட்டார்களா என்று கேட்டார் ராமச்சந்திரன் சார். அவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், குழுவில் மூத்தவர். பிள்ளைகள் குதிக்கிற மாதிரி, இயற்கை தானாகவே கொடுக்கிற மாதிரி ஒரு பாடம் வேண்டும். அப்படி ஒரு நாள் உங்கள் தீவில் இருக்குமே?

இதை நல்லபடியாக முடித்தால் அறக்கட்டளையின் மொத்தப் பாடத்திட்டமும் என் கைக்கு வரும். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

சுமலதா


அந்தமான்
14 செப்டம்பர் 2023

சுமலதா டீச்சருக்கு,

இருக்கிறது. கேட்டதைத் தருகிறேன்.

வருடத்தில் ஓரிரு நாள் கடல் தானாகவே உள்ளே போய்விடும். கொஞ்ச தூரமில்லை, கண்ணுக்கெட்டிய வரைக்கும் தரை தெரியும். நேற்றுவரை யாரும் பார்க்காத பாறைகள், பாசி, குட்டை குட்டையாகத் தண்ணீர், அதில் வெள்ளி மாதிரி மீன் துள்ளும். யாராவது ஒருவர் பார்த்துக் குரல் கொடுப்பார். அவ்வளவுதான், ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் கூடையும் வாளியுமாக ஓடும். வலை வேண்டாம், படகு வேண்டாம், ஒரு சொட்டு டீசல் வேண்டாம். கடலே கொண்டுவந்து கொடுக்கிறது. குஞ்சு மீனைத் தொடமாட்டார்கள். வீட்டுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்கள். முதலில் போய்ச் சேருகிற பிள்ளைக்கு அன்று மரியாதை.

'கடல் உள்வாங்கும் நாள்' என்று தலைப்பு வைக்கலாம்.

வளவன்


செஞ்சி
6 அக்டோபர் 2023

வளவன்,

குழுவில் வாசித்தபோது கை தட்டினார்கள். புத்தகத்தின் கடைசிப் பாடம் அதுதான். பிள்ளைகள் வாளியோடு ஓடுகிற படம் வரைந்தாகிவிட்டது. முன்பெல்லாம் நீங்கள் வகுப்பில் கதை சொன்னால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் பேசாமல் கேட்கும். அது போகவில்லை உங்களிடம்.

ஒரே ஒரு சந்தேகம். ராமச்சந்திரன் சார், "சுனாமி வந்தப்பவும் முதல்ல கடல் உள்ளதானேம்மா போச்சு? நல்லா விசாரிச்சுட்டீங்களா?" என்றார். தபாலில் உடனே பதில் எழுதுங்கள். உங்கள் கைப்பட வேண்டும் என்கிறார்.

சுமலதா


அந்தமான்
27 அக்டோபர் 2023

சுமலதா டீச்சருக்கு,

ராமச்சந்திரன் சாரிடம் சொல்லுங்கள்: அது பூகம்பத்தால் வந்தது, இது வழக்கமாக வருவது. இரண்டும் வேறு. தீவுக்காரர்களுக்கு வித்தியாசம் தெரியும். பாடத்தில் சுனாமியைச் சேர்த்தால் பிள்ளைகள் பயந்துவிடும். நீங்களே சொன்னீர்களே, சந்தோஷம் வேண்டுமென்று.

என் பேச்சை நம்புவது உங்களுக்குப் பழக்கமில்லை. இந்த ஒரு தடவை நம்பிப் பாருங்கள்.

வளவன்


அந்தமான்
19 ஜூன் 2024

சுமலதா,

புத்தகங்கள் வந்துவிட்டன. பள்ளிக்கு அறுபது பிரதி. கடைசிப் பாடத்தின் கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது. 'எழுதியவர்: ஜெ. வளவன், தீவு ஆசிரியர்'. மற்றப் பாடம் எதிலும் பெயர் இல்லை.

நிறுத்து. எல்லாப் புத்தகத்தையும் திரும்ப வாங்கு. அந்தப் பாடம் பொய்.

கடல் அவ்வளவு தூரம் உள்ளே போனால் இங்கே யாரும் வாளியை எடுக்கமாட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவார்கள். வழக்கமான வற்று, அதாவது தினமும் கடல் வற்றி இறங்குவது, வேறு; அது ஆளுக்குத் தெரிந்த அளவுக்குத்தான் போகும். நான் எழுதியது அதை அல்ல. அந்த டிசம்பர் காலையைத்தான் எழுதினேன். நீ கேட்ட சந்தோஷத்துக்கு அதைப் போர்த்திக் கொடுத்தேன். அங்கே யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார், எல்லார் முன்னாலும் நீ தலைகுனிவாய் என்று நினைத்தேன். ராமச்சந்திரன் கேட்டார் என்று நீ எழுதியபோது நிறுத்தியிருக்கலாம். அந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டுத்தான் அந்தப் பதிலை எழுதினேன். அச்சுக்குப் போகும் என்று நினைக்கவில்லை.

ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எதற்குக் கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை. என் மகள் தமிழினி, எட்டு வயது, எடுத்துச் சத்தமாகப் படித்தாள். என் மனைவி மோனிகா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பாதியில் எழுந்துவந்து புத்தகத்தை வாங்கினாள். கையெல்லாம் செதிள். பெயரைப் பார்த்தாள்.

"நீங்களா எழுதுனீங்க?"

தலையாட்டினேன்.

"எந்தம்பி வாளியோடதான் போனான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஏழு. வாளி மட்டும் மூன்று நாள் கழித்துத் தென்னை மரத்தில் மாட்டிக்கொண்டு கிடைத்தது. இது எனக்குத் தெரியும், சுமலதா. கல்யாணமான முதல் வருடமே சொன்னாள். அவள் சொன்னதிலிருந்துதான் எடுத்தேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். நாற்பத்தொரு பள்ளிக்கும் உடனே ஆள் அனுப்பு. அறக்கட்டளை போனை யாரும் எடுக்கவில்லை, அதனால்தான் தபால். கெஞ்சிக் கேட்கிறேன்.

வளவன்


செஞ்சி
8 ஜூலை 2024

வளவா,

எனக்குத் தெரியும்.

போன நவம்பரிலேயே தெரியும். உன் பதிலை ராமச்சந்திரன் சாரிடம் காட்டினேன், கைப்பட எழுதியிருக்கிறாரே என்று அவர் ஒத்துக்கொண்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. 'இந்த ஒரு தடவை நம்பிப் பாருங்கள்' என்று நீ நிஜமாகப் பேசும்போது சொல்லமாட்டாய். மறுநாள் சந்தைக்குப் போனேன். மரக்காணத்திலிருந்து வந்து மீன் விற்கிற அம்மாவிடம், கடல் ரொம்ப தூரம் உள்ளே போனால் பிள்ளைகளை மீன் பொறுக்க அனுப்புவீர்களா என்று கேட்டேன். தராசைக் கீழே வைத்துவிட்டார்கள். "இன்னாம்மா பேசற? அப்பிடிப் போனதுங்க ஒண்ணுகூட திரும்பல" என்றார்கள்.

அன்றே பாடத்தை எடுத்திருக்கலாம். மேசையில் உட்கார்ந்து, எடுப்பதற்குப் பதில் உன் பெயரைக் கீழே சேர்த்தேன். மற்றப் பாடங்களில் பெயர் வேண்டாம் என்று நானே சொன்னேன். இது வெளியே தெரிகிற அன்று, ஊர் உன்னைக் கேட்கட்டும் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருடமாக ஒரு கையெழுத்துக்காக என்னைப் பாவி என்று சொல்லிக்கொண்டு நீ அங்கே நல்லவனாக வாழ்கிறாய். அந்தக் கையெழுத்து போடுவதற்கு முன் இரண்டு நாள் என்னைக் கிணற்று மோட்டார் அறையில் பூட்டிவைத்திருந்தார்கள். நீ ஒரு தடவையாவது விசாரித்தாயா? இப்போது நீயும் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உன்னை யாரும் பூட்டிவைக்கவில்லை.

புத்தகத்தைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் காரணம் காட்ட வேண்டும். 'தெரிந்தே பொய்யான தகவல் கொடுத்தேன்' என்று உன் கைப்பட எழுதி அனுப்பு. உன் வேலை போகும். அது வந்தால் வாங்குகிறேன். வராவிட்டால், பிள்ளைகள் துணைப்பாடத்தை எங்கே படிக்கப்போகிறார்கள் என்று இருந்துவிடுவேன்.

சுமலதா


அந்தமான்
2 ஆகஸ்ட் 2024

சுமலதா,

நீ கேட்டதை எழுதிவிட்டேன். உனக்கு அனுப்பவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே ஒரு காரியம் நடந்துவிட்டது. பௌர்ணமிக்கு அடுத்த நாள் வற்று கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அபாயமில்லாத வற்றுதான். காலை மணி அடித்தபோது ஆறாம் வகுப்பில் ஏழு பேரைக் காணவில்லை. புத்தகங்களை நான் பூட்டிவைப்பதற்கு முன்பே பார்த்துவிட்டிருந்தார்கள். கடற்கரைக்கு ஓடினேன். தூரத்தில் பாறைமேல் வாளியோடு நிற்கிறார்கள். கத்தினேன். கையை ஆட்டினார்கள். சீக்கிரம் மீனைக் கொண்டுவரச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி வாளியை என் முன்னால் வைத்து, "நாந்தான் சார் மொதல்ல போனேன்" என்றாள். இவளுடைய பாட்டன் வீட்டில் சுனாமியில் ஐந்து பேர் போய்விட்டார்கள். பள்ளியில் சொல்லிக்கொடுத்தால் அது வேறாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

அன்றே தலைமையாசிரியரிடம் சொன்னேன். அறுபது பிரதியிலும் அந்தப் பக்கங்களைப் பிள்ளைகள் முன்னால் கிழித்தேன். ஏன் என்று சொன்னேன். இப்போது நான் சஸ்பென்ஷனில் இருக்கிறேன்.

பிறகு உன் கடிதம் வந்தது. எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்தேன். என் ஒப்புதலையும் உன் கடிதத்தையும் சேர்த்து அறக்கட்டளைக்கும் புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கிற எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டேன். உன்னைப் பழிவாங்கத்தான் செய்தேன் என்றும் சொல்லலாம். எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. என் கடிதம் மட்டும் போனால் போதாது என்று பட்டது, உன்னுடையது போனால்தான் வேகமாக வேலை நடக்கும்.

மோட்டார் அறை எனக்குத் தெரியாது. விசாரிக்கவில்லை. அது உண்மைதான்.

மோனிகா தமிழினியை அழைத்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இதே தீவில்தான், நடந்தால் இருபது நிமிடம். தினமும் போகிறேன். மாமியார் தண்ணீர் கொடுக்கிறார்கள். அவள் வெளியே வருவதில்லை.

வளவன்


செஞ்சி
15 செப்டம்பர் 2024

வளவன்,

நீ அனுப்பியது வேலை செய்தது. பத்தே நாளில் அறக்கட்டளை என்னை வெளியே அனுப்பியது. ராமச்சந்திரன் சார் என் மேசையில் இருந்த உன் அக்டோபர் கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னையும் சேர்த்து ஏமாத்திட்டீங்களேம்மா" என்று மட்டும் சொன்னார். இளவரசன் அண்ணன் வீட்டில் சாப்பாடு போடுகிறான், பேசுவதில்லை. அதைப் பற்றி உனக்குச் சந்தோஷமாக இருந்தால் இருக்கட்டும்.

அந்தமான் பள்ளிகளும், இங்கே நாற்பது பள்ளிகளும் புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டன. ஒன்றிலிருந்து மட்டும் பதில் இல்லை. மரக்காணத்தைத் தாண்டி, கடலை ஒட்டிய சின்னப் பள்ளி. நீ அனுப்பியது அங்கே பிரிக்கப்படாமலே கிடந்திருக்கிறது. யாரும் போகச் சொல்லவில்லை, நானே போனேன். திண்டிவனத்தில் பஸ் மாறி, அப்புறம் ஷேர் ஆட்டோ. வாத்தியார் இளைஞர், பொன்னுசாமி என்று பெயர். கடைசிப் பாடத்தை ஜூலையிலேயே நடத்திவிட்டதாகச் சொன்னார். "பசங்களுக்கு ரொம்பப் புடிச்ச பாடங்க அது, நாடகமாவே போட்டாங்க" என்றார். விஷயத்தைச் சொன்னதும் முகம் செத்துப்போய், வகுப்பை என்னிடம் விட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். நான் எழுதிவைத்துப் படித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. கடல் உள்ளே போனால் மீன் பொறுக்கப் போகக்கூடாது, திரும்பிப் பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும், புத்தகத்தில் இருப்பது பொய் என்று சொன்னேன்.

"யாரு டீச்சர் அத எழுதுனது?" என்றான் ஒருவன்.

"இன்னொருத்தர் எழுதுனார். நான் போட்டேன்."

"பொய்யின்னு தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது என்றுதான் வாயில் வந்தது. வளவா, அவ்வளவு சுலபமாக வந்தது. பிறகு, "தெரியும்" என்றேன்.

நடு பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பதினோரு வயது இருக்கும். அழவில்லை. கோபமாகவும் இல்லை.

"எங்க நைனா அப்பவே சொன்னாரு, இது தப்புன்னு. அவரோட அக்கா அப்பிடித்தான் செத்துச்சாம். நான்தான் சண்ட போட்டேன். புக்குல போட்டிருக்குது, நீ படிக்காதவன், உனக்கு இன்னா தெரியும்னு கேட்டுட்டேன். அதுக்கப்புறம் அவரு எங்கிட்ட கடலப் பத்தி எதுவும் சொல்றதே இல்ல."

அந்தப் பக்கங்களைக் கிழிக்கச் சொன்னேன். கிழித்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கிழிக்கிற சத்தம் இருக்கிறதே, அதை உனக்கு எழுத முடியாது, நீ கேட்டிருக்கிறாய்.

அப்புறம், வந்ததற்கு ஏதாவது ஒன்று உருப்படியாக இருக்கட்டும் என்று தண்ணீர்ப் பாடத்தை எடுக்கச் சொன்னேன். "அதெல்லாம் நிஜம். அந்தக் கடைசி டிரம், குப்பை, பவளக்கல் எல்லாமே நிஜம்" என்றேன். ஒருவரும் பக்கத்தைத் திருப்பவில்லை. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புத்தகத்தை மூடி எடுத்துவந்து என் மேசையில் வைத்தாள். அவள் பின்னால் அடுத்தவள். அப்புறம் வரிசையாக எல்லாரும். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை, மரியாதையாக வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

நாற்பத்தெட்டுப் புத்தகங்கள். பொன்னுசாமி ஒரு சாக்கு கொடுத்தார். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழி நெடுகக் கடல் தெரிந்தது.

சுமலதா